உத்தரத்துக்கு மூன்று பூச்சு

எல்லோரும் குடியிருக்கிற வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். சுண்ணாம்பக்கா மட்டும் உடைக்கப்போகிற சாமானுக்கு வெள்ளையடித்தாள். அதுதான் அவள் உத்தியோகம். பாலத்துக்கும் பெரிய கட்டடத்துக்கும் போடுகிற மாதிரியே கான்கிரீட் உத்தரம் வார்த்து, அதை இரும்புச் சட்டத்துக்குள் தூக்கி வைத்து, மேலேயிருந்து ஜாக்கியால் அழுத்தி, எந்தப் பாரத்தில் எப்படி உடைகிறது என்று பார்க்கிற சோதனைக் கூடம் அது. கான்கிரீட்டோ சாம்பல் நிறம். முதலில் விழுகிற விரிசலோ மயிரளவு. சாம்பலில் மயிர் தெரியுமா? வெள்ளையில் தெரியும். அதனால் உடைப்பதற்கு முந்தின நாள் உத்தரத்துக்கு மெல்லிசாக ஒரு பூச்சு சுண்ணாம்பு அடிக்க வேண்டும். உடைக்கிற அன்று, பாரத்தைக் கொஞ்சம் ஏற்றி நிறுத்துவார்கள். அவள் உள்ளே போய்க் குனிந்து பார்த்து, புதிதாக விரிசல் விழுந்திருந்தால் அதன் பக்கத்திலேயே, அது ஓடுகிற தூரத்துக்குக் கறுப்பு மார்க்கரால் கோடு இழுத்துவிட்டு வெளியே வருவாள். மறுபடி ஏற்றுவார்கள், மறுபடி உள்ளே போவாள். பூச்சும் அவள் கை, கோடும் அவள் கை.

அந்தக் கண் வேலை முடிந்ததும் சும்மா இருந்ததா என்றால், இல்லை. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சுவரைத்தான் பார்ப்பாள். டீ கொடுத்தால் கோப்பையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். நாத்தனார் ஆசை ஆசையாக வீடு மாறிப் போனபோது, வாசல் நிலைக்கு மேலே விரலை நீட்டி, "அண்ணி, இங்க ஒண்ணு ஓடுது பாருங்க" என்றாள்.

நாத்தனாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அம்மாடி, வந்தவ நல்ல வார்த்தை நாலு சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"சொல்றேன் அண்ணி. முதல்ல இதைப் பாத்துட்டு, அப்புறம் நல்ல வார்த்தை சொல்றேன்."

"உன்னைக் கட்டிக்கிட்டு என் தம்பி ஏன் ஊர் ஊராப் போயிட்டான்னு இப்பத்தான் புரியுது."

அது வேடிக்கைக்குச் சொன்ன பேச்சுதான். ஆனாலும் பாதி உண்மை உள்ளே இருந்தது. அவள் புருஷன் கலவைக்காரர். கல்லும் மணலும் சிமெண்டும் சேர்த்துச் சுற்றுகிற மிக்சர் இயந்திரம் எங்கே போனதோ அங்கெல்லாம் அவரும் போனார். அணைக்கட்டு, சுரங்கப் பாதை, துறைமுகம் என்று கல்யாணமான நாள் முதலாய் வெளியூர்தான். மகள் பிறந்ததைத் தொலைபேசியில் கேட்டார், மகள் பேசினதைத் தொலைபேசியில் கேட்டார், மகள் வேலைக்குப் போனதையும் தொலைபேசியில்தான் கேட்டார். வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்து, விருந்தாளி மாதிரியே வெட்கப்பட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போவார். அவள் அழவும் இல்லை, ஆளனுப்பவும் இல்லை. கூடத்தில் பெருக்குகிற வேலைக்குச் சேர்ந்தாள், பெருக்கப் போனவள் வெள்ளையடிக்கக் கற்றாள், வெள்ளையடிக்கப் போனவள் விரிசல் பார்க்கக் கற்றாள். மகளை வளர்த்தாள். இப்படியே காலம் ஓடிவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஓடவில்லை. கூடத்துக்குக் கசடு வந்தது.

கசடு என்றால் சாக்கடைக் கசடு இல்லை. இரும்பு உருக்குகிற ஆலையில், கொதிக்கிற பானையில் நுரை மிதக்கிற மாதிரி, உருகின இரும்பின் மேலே ஒரு குழம்பு மிதக்கும். அதை வழித்து வெளியே ஊற்றிவிடுவார்கள். ஆறினால் கல்லும் கண்ணாடியும் கலந்த மாதிரி இருக்கும். மலை மலையாகக் கிடக்கிற அந்தக் கசடை மாவாக அரைத்து, சிமெண்டே போடாமல் கான்கிரீட் செய்யலாம் என்று கூடத்துக்காரர்கள் இறங்கினார்கள். சிமெண்டு சுடுகிற சூளையின் புகை குறையும், கொட்டிவைத்த மலையும் கரையும். ஆனால் கசடு மாவு லேசில் மசிகிற சாதி இல்லை. வெறும் தண்ணீரை அது மதிக்காது. தோலில் பட்டால் பொத்துப்போகிற காரக் கரைசல் ஊற்றினால்தான் இளகும். இளகினதும் என்ன அவசரமோ, மிக்சருக்குள்ளேயே இறுகிவிடும். முதல் மாதத்தில் ஒரு தடவை டிரம்மோடு கல்லாகிப் போய், ஆளுக்கொரு உளியை எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்து கொத்தினார்கள். அப்போதுதான் யாரோ சொன்னார்கள், நம் சுண்ணாம்பக்கா வீட்டுக்காரர் கலவையிலேயே கிடந்தவராமே, கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று.

அவர் வந்தார். வந்தவர் இருந்துவிட்டார். கசடு வேலையை நடத்தின இன்ஜினியர் ஒரு சின்ன வயசுப் பெண். எதைப் பார்த்தாலும் அளப்பதால் எல்லோருக்கும் அவள் அளவு மேடம். கரைசலை எவ்வளவு குறைக்கலாம், எதைச் சேர்த்தால் தாமதமாக இறுகும் என்று அவள் கணக்குப் போட்டுச் சொல்வாள். அவர் டிரம் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டு, "இன்னும் கொஞ்சம் தாங்கும் மேடம்" என்பார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

ஒத்துப்போக நாளானது வீட்டில்தான். இரும்புப் படியேறிப் போகிற மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அதில் இத்தனை வருஷம் அவள் வைத்ததுதான் சட்டம். அவரோ கொட்டகையில் வாழ்ந்து பழகினவர். தன் தட்டைத் தானே கழுவிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வார். ஜன்னலைத் திறக்கவா என்று அனுமதி கேட்பார். பேசினால் மிக்சர் ஓடுகிற மாதிரியே பேசுவார்.

"எதிர்லதானே உக்காந்திருக்கேன், ஏங்க இப்படிக் கத்துறீங்க? நான் என்ன அணைக்கட்டுக்கு அந்தப் பக்கமா நிக்கிறேன்?"

"கத்துறேனா?"

"கீழ் வீட்டுக்காரர் பதில் சொல்ற அளவுக்குக் கத்துறீங்க."

மெல்ல மெல்ல விருந்தாளி வீட்டுக்காரர் ஆனார். ஜன்னலைக் கேட்காமலே திறந்தார். உப்புக் குறைந்தால் குறைந்தது என்றார். ஒரு நாள் தலையணைக்காக அவளோடு சண்டையே போட்டார். அன்றைக்கு அவள் சமையலறைக்குப் போய், முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தலையணைக்குச் சண்டை போடுகிறவன் நாளைக்கே போகிறவன் இல்லை அல்லவா? காலையில் சேர்ந்து படியிறங்கினார்கள், சாயங்காலம் சேர்ந்து ஏறினார்கள். இளசுகளுக்குத்தான் சேர்ந்து நடப்பதில் சந்தோஷம் என்று யார் சொன்னது?

இப்படி இருக்கையில்தான் பாலங்கள் கட்டுகிற அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். கசடுக் கான்கிரீட்டில் வார்த்த சின்னக் கட்டிகளைப் பார்த்தார், குட்டி உத்தரங்களைப் பார்த்தார், தலையாட்டினார்.

"சின்னதுல எல்லாம் நிக்கும்மா. பாலத்துல போடுற அளவுக்கு ஒண்ணு வார்த்துக் காட்டுங்க. பெருசுல எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும். நின்னா, அடுத்து தூண், தளம்னு வரிசையா உங்களுக்கே வேலை. நிக்கலேன்னா இதோட மூடிருவோம்."

அவர் பேச்சில் தப்பில்லை. கைப்பிடியளவு வார்த்தது நன்றாக இருக்கிறது என்பதால் ஆளுயரம் வார்த்தது நன்றாக இருக்குமா? ஆனால் மூடிருவோம் என்ற சொல் கலவைக்காரர் காதில் விழுந்தது, அவர் பெண்சாதி காதிலும் விழுந்தது. கசடு வேலை இல்லையென்றால் கூடத்தில் அவருக்கு என்ன வேலை? அதே வாரத்தில் பழைய மேஸ்திரி போன் போட்டான். கடலுக்குள் சுவர் கட்டுகிறார்களாம், வருஷக்கணக்கில் வேலையாம், உனக்காக இடம் வைத்திருக்கிறேன் என்றான். பதில் சொல்கிறேன் என்று அவர் போனை வைத்தார்.

அவள் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அவர் போக மாட்டேன் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தார்கள். நாத்தனாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"வாயைத் திறந்து போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டி. வாய்ல என்ன, உன் சுண்ணாம்பா?"

"சொன்னா இருந்துருவார் அண்ணி. வேலையத்து ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருப்பார். அவருக்கு வேலை இருந்து, அதனால அவர் இருக்கணும். நான் சொன்னேங்கிறதுக்காக இருக்கக் கூடாது."

"பிடிவாதம். உடம்பு முழுக்கப் பிடிவாதம்."

"ஆமா" என்றாள் அவள்.

பெரிய உத்தரத்தை ஒரு விடியற்காலையில் வார்த்தார்கள். வெயில் ஏறினால் கசடுக் கலவை சீக்கிரம் இறுகிவிடும். ஒரு டிரம் கலவை கொட்டி, அடுத்தது வருவதற்குள் முந்தினது இறுகிவிட்டால் நடுவில் ஒட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும். ஒட்டுப் போட்ட உத்தரம் அந்த ஒட்டிலேயே போய்விடும். அன்றைக்கு அவர் மிக்சரை விட்டு நகரவில்லை. டீயைக்கூட யாரோ வாயில் ஊற்றத்தான் குடித்தார். கடைசி டிரம் காலியானதும் அச்சுப் பலகையில் சாய்ந்து உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, "ஒரே உடம்பா விழுந்திருக்கு" என்றார். பெரிய உத்தரம் என்றால் சிமெண்டில் இன்னொரு தொல்லை உண்டு. இறுகும்போது உள்ளே சூடேறி, வெளியே ஆறி, தானாகவே வெடிக்கும். கசடில் அந்தச் சூடு குறைவு. அளவு மேடம் உள்ளே புதைத்த கம்பியில் சூடு பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். அப்புறம் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, ஈரம் போகாமல் மூடி வைத்தார்கள்.

தாளைப் பிரித்துப் பலகையைக் கழற்றின அன்றுதான் வினை.

உத்தரம் சாம்பல் நிறத்தில் இல்லை. பச்சையும் நீலமும் கலந்து, அங்கங்கே திட்டுத் திட்டாக, பாசி பிடித்த தொட்டி மாதிரி நின்றது. கிட்டே போனால் கெட்டுப்போன முட்டை நாற்றம் வேறு. சின்னக் கட்டிகளில் இந்த நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்திருக்கிறாள்தான். ஆனால் ஆளுயரத்துக்கு மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் இப்படி நிற்கும் என்று நினைக்கவில்லை.

"கசடோட குணம்க்கா அது" என்றாள் அளவு மேடம். "உள்ளே காத்து போகாத வரைக்கும் அப்படித்தான் இருக்கும். வெளியே வந்தா நாளாக நாளாக வெளுத்துரும். பலத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நீங்க வழக்கம்போல ஒரு பூச்சு அடிச்சிருங்க." சொல்லிவிட்டு, அளக்கிற கருவி வாங்க வேறு கட்டடத்துக்குப் போய்விட்டாள்.

சுண்ணாம்பக்கா ஒரு பூச்சு அடித்தாள். காய்ந்ததும் தள்ளி நின்று பார்த்தாள். வெள்ளைக்குள்ளே பச்சை தெரிந்தது. அவளுக்கு அது பொறுக்குமா? நாளைக்கு அத்தனை பெரிய மனுஷர்கள் நாற்காலி போட்டு உட்காரப்போகிறார்கள். அவர் டீகூடக் குடிக்காமல் வார்த்த உத்தரம், முகம் கழுவாத பிள்ளை மாதிரி அவர்கள் முன்னால் போய் நிற்பதா? இரண்டாம் பூச்சு அடித்தாள். பச்சை மங்கினது, போகவில்லை. மூன்றாம் பூச்சுக்குச் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்து, பிடித்து நிற்கட்டும் என்று பசையை ஒரு கை கூடவே ஊற்றினாள்.

கலவைக்காரர் பார்த்துக்கொண்டே வந்தார். "வழக்கமா ஒண்ணுதானே அடிப்பே?"

"உங்க கலவையில கரைசல் எவ்வளவுன்னு நான் கேட்டேனா?"

"கேக்கல."

"என் வாளியில பசை எவ்வளவுன்னு நீங்களும் கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் உத்தரம் பால் மாதிரி இருந்தது. ஒரு பொட்டுப் பச்சை இல்லை. அவளுக்கே திருஷ்டி பட்டுவிடும்போல இருந்தது.

மறுநாள் அதிகாரி வந்தார், கூட இரண்டு பேர் வந்தார்கள். நாற்காலி போட்டார்கள். ஜாக்கியை இயக்குகிற பையனுக்கு அவன் பம்பு ஒன்றுதான் உலகம். அவன் அழுத்தினான், பாரம் காட்டுகிற முள் ஏறிற்று, மேடம் கையைக் காட்டினாள், நிறுத்தினான். சுண்ணாம்பக்கா உள்ளே போய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெளியே வந்தாள். மறுபடி ஏற்றினார்கள். மறுபடி போனாள்.

உத்தரத்தின் நடுவில், அடிப்பக்கம், மயிர் மாதிரி ஒன்று நேரே மேலே ஓடியிருந்தது.

அவள் கண்ணை மூடித் திறந்து பார்த்தாள். இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. இது என்ன பாரம் என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு குறைந்த பாரத்தில் எந்த உத்தரத்திலும் அவள் கோடு போட்டதில்லை. பத்தடி தள்ளிக் கலவைக்காரர் நிற்கிறார், கையைக் கட்டிக்கொண்டு. அவளுக்குப் பின்னால் எல்லோர் கண்ணும் அவள் முதுகில் இருக்கிறது. அந்த மயிரை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி வெளியே வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

அவள் திரும்பவே இல்லை. மார்க்கரின் மூடியைக் கழற்றிக் கோடு இழுத்தாள். பக்கத்துக்கும் ஒன்று இழுத்தாள். "விரிசல். நடுவுல ரெண்டு" என்று வெளியே கேட்கும்படி சொன்னாள்.

அளவு மேடத்தின் முகம் மாறிப்போயிற்று. "இவ்வளவு சீக்கிரமாவா? நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"பாத்துட்டுத்தான் போட்டேன்."

அடுத்த ஏற்றத்தில் ஒரு கை விரல் விட்டு எண்ணுகிற அளவுக்கு விரிசல்கள் விழுந்தன. அதற்கடுத்ததில் எண்ணவே முடியாமல் சீப்புப் பல் மாதிரி. ஒவ்வொன்றுக்கும் கோடு போட்டாள். பால் மாதிரி இருந்த உத்தரம் வரிக்குதிரை ஆயிற்று. அதிகாரி சத்தமில்லாமல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். அது கலவைக்காரர் கண்ணில் பட்டது. கட்டின கையை அவர் அவிழ்த்துத் தொங்கவிட்டார்.

"போதும்மா" என்றார் அதிகாரி. "பாதி பாரம்கூட வரலை. அதுக்குள்ள இப்படின்னா, பாலத்துல வெச்சு என்ன பண்றது?"

மேடம் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சார், ஒரு நிமிஷம். இத்தனை விரிசல் விழுந்திருந்தா பீம் இதுக்குள்ள தொய்ஞ்சிருக்கணும். தொய்வு காட்டுற முள்ளைப் பாருங்க, சரியா அசையவே இல்ல. உள்ளே இருக்கிற கம்பியிலயும் இழுவை ஏறலை. பீமுக்கு அடிபட்ட மாதிரியே தெரியலை."

"அப்போ அந்தம்மா போட்ட கோடெல்லாம்?"

மேடம் தயங்கினாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. வெளிச்சம் பட்டு ஏதாவது..."

அவ்வளவுதான். சுண்ணாம்பக்காவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. இந்தக் கோட்டைப் போட அவள் என்ன பாடுபட்டாள் என்று இவர்களுக்குத் தெரியுமா? தன் வீட்டுக்கு எதிராகத் தானே கோடு போட்டவளைப் பார்த்து, வெளிச்சமாம்!

"மேடம், உங்க முள்ளு பொய் சொல்லும். என் கண்ணு சொல்லாது. இது விரிசல்."

"இல்லைங்கல அக்கா. ஆனா..."

"ஆனாவும் இல்லை, ஊனாவும் இல்லை. சுரண்டிக் காட்டுறேன். எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு எல்லாரும் கிட்ட வந்து பாருங்க." பட்டி பிளேடை எடுத்துக்கொண்டு போனாள். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரே இழுப்பாகச் சுரண்டினாள். சுண்ணாம்பு அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது. உள்ளே மயில்கழுத்து நிறத்தில் கான்கிரீட். வழவழவென்று இருந்தது. அதில் விரிசல் இல்லை, விரிசலின் நிழல்கூட இல்லை.

அவள் பக்கத்துக் கோட்டைச் சுரண்டினாள். அங்கேயும் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய்ச் சுரண்டினாள். பெயர்ந்த சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தாள். விரிசல் அந்தச் சில்லில்தான் இருந்தது. கெட்டியாக அடித்து, பசையில் விறைத்துப்போன சுண்ணாம்பு, உத்தரம் துளி இழுபட்டதும் தாங்காமல் தான் மட்டும் வெடித்திருக்கிறது.

ஜாக்கிப் பையன் பம்பைத் தடவிக் கொடுத்தான்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "எத்தனை பூச்சும்மா அடிச்சே?"

"ரெண்டு."

கலவைக்காரர் இருமினார்.

"மூணு" என்றாள் அவள். "பச்சையாத் தெரிஞ்சுது சார். பாக்க நல்லா இல்லை."

அதிகாரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. கூட வந்தவர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டதும், அவருக்கும் உதடு ஓரமாகக் கோணிற்று. "நாங்க பீமைப் பாக்க வந்தோம். நீ எங்களுக்கு மேக்கப்பைக் காட்டியிருக்கே."

"கண்ணு சரியாத்தான் பாத்துச்சு சார்" என்றாள் அவள், விடாமல். "விரிசல் இருந்துச்சு இல்ல?"

"இருந்துச்சு, இருந்துச்சு. உன் சுண்ணாம்புல இருந்துச்சு."

சாப்பிட்டுவிட்டு வருகிறோம், அதற்குள் சரி பண்ணுங்கள் என்று அவர்கள் எழுந்து போனார்கள். பாரத்தை இறக்கினார்கள். அவளும் மேடமும் நனைத்த சாக்கை வைத்துத் தேய்த்துக் கழுவினார்கள். மேடத்தின் சட்டை முழங்கை வரைக்கும் வெள்ளையாயிற்று. "சொல்லியிருக்கணும் நான். அடிச்சதும் ஒரு தடவை வந்து பாத்திருக்கணும்" என்றாள் மேடம். "நீங்க பாத்திருந்தா நான் நாலாவது அடிச்சிருப்பேன்" என்றாள் சுண்ணாம்பக்கா. கலவைக்காரர் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். நடுவில் ஒரு தடவை காணாமல் போய், மறுபடி வந்தார். மின்விசிறி வைத்து ஈரத்தை ஓட்டினதும், தண்ணீர் மாதிரி ஒரே ஒரு பூச்சு அடித்தாள். உத்தரம் பச்சை தெரிய நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுபடி ஆரம்பித்தார்கள். காலையில் வரிக்குதிரையான பாரத்தில் இப்போது ஒன்றுமே இல்லை. அதைத் தாண்டி, விரிசல் வர வேண்டிய இடத்தில், வர வேண்டிய பாரத்தில் வந்தது. அவள் கோடு போட்டாள். இந்த விரிசல்கள் சிமெண்டு உத்தரத்தில் வருகிற மாதிரி நாலைந்து பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. நிறைய, நெருக்கமாக, மெல்லிசாக வந்தன. மேடம் சின்னப் பூதக்கண்ணாடி வைத்து அகலம் பார்த்துப் பார்த்து, அளவுக்குள் இருக்கிறது, அளவுக்குள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

ஆனால் உத்தரம் வளைந்தது. சிமெண்டு உத்தரத்தைவிட அதிகமாகவே வளைந்தது. அதிகாரி நாற்காலி நுனிக்கு வந்தார். "வளையுதேம்மா."

"வளையும் சார். சிமெண்டைவிட இது கொஞ்சம் நெளியும். அதைக் கணக்குல வெச்சுத்தான் போடணும், மறைக்க மாட்டேன். ஆனா உடைஞ்சு போறதுக்கு முன்னாடி நல்லாச் சொல்லிட்டுத்தான் போகும்."

கேட்ட பாரம் வந்தது. உத்தரம் தாங்கிற்று. அதற்கு மேலும் ஏற்றினார்கள், தாங்கிற்று. சுண்ணாம்பக்காவை இனி உள்ளே போகாதே என்று மேடம் தடுத்துவிட்டாள். அவள் கலவைக்காரர் பக்கத்தில் போய் நின்றாள். உத்தரம் வில்லாகிக்கொண்டே வந்து, கடைசியில் நடுமுதுகில் படாரென்று நொறுங்கிற்று. தூசி அடங்கினதும் பார்த்தால், உடைந்த வாயில் உள்ளே வரைக்கும் அந்தப் பச்சைநீலம், கழுவிவிட்ட கண்ணாடி மாதிரி. ஒட்டுப் போட்ட தடம் எங்குமே இல்லை. கலவைக்காரர் சொன்னபடி ஒரே உடம்பு.

அதிகாரி எழுந்து வந்து அந்த வாயைத் தடவிப் பார்த்தார். "அழகான நிறம்தானேம்மா. இதையா மறைச்சே?" என்று சுண்ணாம்பக்காவிடம் கேட்டார். அவர் மேடத்தைப் பார்த்து, "தூணுக்கு வரைபடம் அனுப்புறேன். நெளிவுக்கு என்ன பண்ணலாம்னு எழுதிக் குடுங்க" என்றார். தூண் என்றால் ஒன்றா இரண்டா? அது முடிந்தால் தளம். வேலை நிலைத்தது, வேலைக்காரரும் நிலைத்தார்.

சாயங்காலம் சேர்ந்து நடந்தார்கள். தெருவிளக்கு இன்னும் போடவில்லை. அவர் குரலைத் தாழ்த்தியே பேசினார்.

"காலையில முதல் கோட்டைப் போட்டப்போ என்னைத் திரும்பியே பாக்கல நீ."

"பாத்தா கை நின்னிருக்கும்."

"நின்னா என்ன?"

"நின்னா அந்தக் கை எனக்கு எதுக்கு?"

மூடின கடைகளும் திறந்த கடைகளுமாகத் தெரு போயிற்று. அப்புறம் அவர் சொன்னார், "மேஸ்திரிக்கு மத்தியானமே போன் பண்ணிட்டேன். வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிட்டேன்."

அவள் நின்றுவிட்டாள். "மத்தியானமா? நான் கழுவிட்டு இருந்தப்பவா?"

"ஆமா."

"பீம் நிக்குமா நிக்காதான்னே அப்போ தெரியாதே."

"தெரியாது."

"வேலை போயிருந்தா?"

"போயிருந்தா இங்கேயே வேற பாத்திருப்பேன். நீ கோடு போட்டதைப் பாத்தேன். அதுக்கப்புறம் அங்க போய் யார் கண்ணை நம்பிக் கலவை போடுறது?"

அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆனால் அதைக் காட்டுகிறவளா அவள்? "இவ்வளவு பெரிய விஷயம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா, அவசரப்பட்டு அந்த வேலையை விட வேணாம்னுதானே சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன். அதுக்காகக் கேக்காம இருக்கிறதா?" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அவர் பின்னாலேயே வந்தார். அவருக்கு மூச்சு வாங்கிற்று, இருந்தும் சிரித்தார்.

"கோபமா?"

"ஆமா."

"எவ்வளவு நேரத்துக்கு?"

அவள் யோசித்தாள். "சாப்பிடுற வரைக்கும்."

சாப்பிடுகிற வரைக்கும் அவள் பேசவே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள். அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே தட்டைப் போட்டாள், அவ்வளவுதான்.